கம்பி வைத்த பின்சீட்

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே என் வீட்டுக்காரர் ஒரு எருமையை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். எருமை என்று சொன்னது நான். அவர் அதை மோட்டார் சைக்கிள் என்றார். பட்டாளத்தில் ஓட்டிக் கழித்த வண்டியாம். மதுரையில் ஏலத்தில் எடுத்த ஒருவரிடம் வாங்கி, போடி வழியாக மலையேற்றி எங்கள் ஊர் சாந்தன்பாறைக்குக் கொண்டு வந்திருந்தார். பச்சைப் பெயின்ட் பாதி உரிந்திருந்தது. ஸ்டார்ட் செய்தால் அடுப்படியில் தட்டுகள் ஆடின. கீழே சாய்ந்துவிட்டால் நிமிர்த்த இரண்டு ஆள் வேண்டும். எழுபதுகளில் எங்கள் பக்கம் ஜீப்பும் பஸ்ஸும்தான் உண்டு. கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்தவருக்கு இது எதற்கு என்று ஊரே கேட்டது. நான் மட்டும் கேட்கவில்லை. என்னைப் பின்னால் ஏறச் சொல்வாரே என்ற கவலைதான் எனக்கு.

என் பிறந்த ஊர் வேலந்தாவளத்துக்குப் பக்கம். அங்கே சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவன் பாதித் தூக்கத்தில் நடந்தாலும் எங்கேயும் விழமாட்டான். விழுவதற்குப் பள்ளம் கிடையாது. அந்தச் சமவெளியில் வளர்ந்தவளை மலையில் கட்டிக்கொடுத்தார்கள். பஸ்ஸில் வந்தபோதே பள்ளத்தின் பக்கம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு மாதாவை வேண்டிக்கொண்டே வந்தேன். பஸ்ஸுக்காவது ஜன்னல் கம்பி இருக்கிறது. இந்த எருமைக்கு என்ன இருக்கிறது?

“ஏறு புள்ள, பூப்பாறை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்” என்றார்.

“ஏனுங்க, காலு தொங்குதுங்களே. எங்க வெக்கறதுங்க?” என்றேன். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மலைக்காரர்கள் முன்னால் சமவெளிக்காரியின் மானம் போகக்கூடாது.

அடுத்த முறை அவர் போடியிலிருந்து வந்தபோது வண்டியின் இடது பக்கம், இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு பலகை இருந்தது. சேலை சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் என்றேன். சக்கரத்தை மூடிக் கம்பி வலை வந்தது. இடுப்பு வலிக்கிறது என்றேன். பஸ்ஸுக்கு சீட் தைக்கிறவரிடம் போய், சோபா அகலத்துக்கு ஒரு சீட் தைத்துக்கொண்டு வந்தார். மேலே ரெக்ஸின், உள்ளே போடி இலவம் பஞ்சு, அடியில் தடித்த ஸ்பிரிங். முதுகுக்குச் சாய்மானம் வேறு. ஹேண்டில்பாரையும் அகலமாக்கி, தன் தோள்பட்டை வலிக்காத மாதிரி பின்னால் வளைத்துக்கொண்டார். கல்லில் ஏறி இறங்கினாலும் அலுங்காது. தொட்டிலில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நான் சொன்ன சாக்கையெல்லாம் அந்த மனிதர் பட்டறைக்கு எடுத்துப் போய்ச் சரிசெய்துவிட்டார். பயத்தை மட்டும் நான் சொல்லவே இல்லை. அதனால் அது அப்படியே இருந்தது.

அவருக்குப் பயம் என்பதே கிடையாது என்று நினைத்தேன். அதுதான் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. பயமில்லாதவனிடம் பயத்தை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

முதல் ஞாயிறு மாதா கோவிலுக்குப் போனபோது அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். என் மாமியார் முன்னாடியே நடந்து போய்க் கோவில் வாசலில் நின்றிருந்தார். எஸ்டேட் சனமெல்லாம் பூசைக்கு வந்து நிற்கிற நேரம்.

“ஏட்டி, பட்டப்பகல்ல புருசன் தோள்ல தொங்கிக்கிட்டு வாறியே. சாமியார் பார்த்தா என்ன நினைப்பாரு? ஊரு சிரிக்காதா?” என்றார். நான்கு பேர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள்.

அந்த வாரமே சீட்டின் இடது ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பி வந்துவிட்டது. கை வழுக்காமல் இருக்க அதில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. “இனி என்னையப் பிடிக்க வேண்டாம், இதைப் பிடிச்சுக்கோ” என்றார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒரே கம்பியில் வழி செய்துவிட்ட பெருமை. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அதன்பிறகு அந்த வண்டியில் நான் அவரைத் தொட்டதே இல்லை. வழியில் பேசியதும் இல்லை. கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டே போவேன்.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சேலை எடுக்க இருவரும் போடிக்குக் கிளம்பிய நாள் அது. காலை வெயில் நன்றாக இருந்தது. போடிமெட்டு செக்போஸ்டைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் கீழேயிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. ஒரு வளைவைத் தாண்டியவுடன் எதிரே ஒரு லாரி, பாரம் ஏற்றி முக்கிக்கொண்டு மேலே வந்தது. அவர் வண்டியை இடது ஓரத்துக்கு ஒதுக்கிக் காலை ஊன்றி நின்றார். என் பக்கம்தான் பள்ளம். என் கால் வைத்திருந்த பலகை ரோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். பாதத்துக்குக் கீழே மூட்டம்தான் தெரிந்தது. தரை தெரியவில்லை.

லாரி வளைவில் திரும்ப முடியாமல் பின்னால் போவதும் முன்னால் வருவதுமாக உறுமியது. நம்மையும் சேர்த்துத் தள்ளிவிடப் போகிறான் என்றே நினைத்தேன். “ஏனுங்க, நான் எறங்கிக்கறேனுங்க” என்றேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை. கம்பியை விட்டுவிட்டு, சீட்டிலேயே பின்னால் நகர்ந்து, வண்டிக்குப் பின்னால் ரோட்டில் மெல்ல இறங்கி, ரோட்டோரத்தில் சுண்ணாம்பு அடித்து நட்டிருந்த கல்லைக் கட்டிப் பிடித்துக் குந்திக்கொண்டேன். கண்ணை இறுக மூடினேன். லாரியின் புகை முகத்தில் அடித்தது. அருள் நிறைந்த மரியே என்று பாதி ஜெபம்தான் ஆகியிருக்கும்.

கண்ணைத் திறந்தபோது லாரி மேலே போயிருந்தது. எருமையும் இல்லை, எஜமானும் இல்லை.

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். வண்டிச் சத்தம் கீழே டம் டம்மென்று நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் இறங்கியது அவருக்குத் தெரியவே இல்லை. எப்படித் தெரியும்? அந்த ஸ்பிரிங்கும் பஞ்சும் எல்லா அசைவையும் விழுங்கிவிடும். என் கை அவர் மேல் இருந்தால் அல்லவா கை இல்லாதது தெரியும்.

முதலில் எனக்காகத்தான் பயந்தேன். மூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. புதருக்குள் ஏதோ சலசலத்தது. யானை என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனால் அந்தப் பயம் கொஞ்ச நேரம்தான். கீழே ஓடிக்கொண்டிருந்த வண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. அப்போது வேறொரு பயம் வந்தது. 

அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். சீட் காலி. நான் எங்கே போயிருப்பேன் என்று நினைப்பார்? பள்ளத்தைத் தவிர வேறென்ன நினைப்பார்? பயமே தெரியாத மனிதர், என்னைத் தேடி அப்படியே இறங்கிவிடுவாரே.

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். வளைவுக்கு வளைவு கூலி ஆட்கள் இறங்குகிற குறுக்குப் பாதை உண்டு. அதில் போனால் சீக்கிரம் போகலாம். ஆனால் நான் குறுக்கே இறங்குகிற நேரம் அவர் ரோடு வழியாக மேலே வந்துவிட்டால்? வந்து அங்கேயும் ஆளைக் காணாவிட்டால்? அதனால் ரோட்டிலேயே ஓடினேன். சரளைக்கல் காலைக் கிழித்தது. ஓடும்போதே கீழேயிருந்து அவர் குரல் கேட்டது. “ஏ புள்ள! ஏ புள்ள!” ரோட்டிலிருந்து வரவில்லை அந்தக் குரல். ரோட்டுக்கும் கீழே, பள்ளத்திலிருந்து வந்தது. “இங்க இருக்கறனுங்க! மேல இருக்கறனுங்க!” என்று கத்தினேன். என் குரல் மலையில் முட்டி எனக்கே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவர் குரல் கேட்கவில்லை.

அவர் குரல் கேட்காத அந்த நேரத்தை என்னால் இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. சிவப்புச் சேலையில் வந்தவள் வெள்ளைச் சேலையில் வீடு திரும்புவதை ஓடிக்கொண்டே பார்த்தேன். மாமியார் முகத்தைப் பார்த்தேன். கடவுளோடு சண்டையே போட்டேன்.

இன்னொரு வளைவு திரும்பியதும் வண்டி தெரிந்தது. சுண்ணாம்பு அடித்த இன்னொரு கல்லில் சாய்த்து வைத்திருந்தது. மெத்தை, சாய்மானம், கம்பி எல்லாம் பத்திரமாக இருந்தன. கல்லுக்கு அந்தப் பக்கம், விளிம்பில், அவருடைய ரப்பர் செருப்பு இரண்டும் கிடந்தன. ஆள் இல்லை.

மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். பள்ளத்தைப் பார்க்கப் பயந்து பஸ்ஸில் கண் மூடிக்கொண்டு வந்தவள், தலையை முழுக்க வெளியே நீட்டிப் பார்த்தேன். சரிவில் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே, உண்ணிச்செடிப் புதரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, முகத்தை மண்ணில் பதித்துக்கொண்டு, அவர் ஒட்டிக் கிடந்தார். அவருக்கும் கொஞ்சம் கீழே, முள்ளில் சிவப்பாக ஒரு துணி மாட்டியிருந்தது. எந்தக் கூலிக்காரியின் முக்காட்டுத் துணியோ, வெயிலும் மழையும் பட்டுக் கிழிந்து கிடந்தது. அதை என் சேலை என்று நினைத்து இறங்கியிருக்கிறார். பாதி வழியில், இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் கை கால் விறைத்துப் போய்விட்டது.

“ஏனுங்க” என்றேன்.  மறுபடியும், “ஏனுங்க, இங்க பாருங்க” என்றேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தார். பேயைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் அவர் வாய் கோணிக்கொண்டது. “நீ மேலயா இருக்கே?” என்றார், அவ்வளவுதான்.

ரோட்டில் குப்புறப் படுத்து, ஒரு கையால் கல்லைக் கட்டிக்கொண்டு, மறு கையை நீட்டினேன். அவர் ஒவ்வொரு கையாகப் புதரை விட்டு ஏறி வந்தார். மணிக்கட்டு என் கைக்குள் வந்ததும் பற்றிக்கொண்டேன். அந்த நேரம் போடி பஸ் வந்து எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னல் நிறைய முகங்கள். யாரோ விசிலடித்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் முட்டி ரோட்டில் பட்ட பிறகும் நான் மணிக்கட்டை விடவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. நானும் அழவில்லை. கொஞ்ச நேரம் அந்த எருமையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் மேலே நடந்து போய் என் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

திரும்ப ஏறி உட்கார்ந்தபோது கம்பி என் கைக்கு எதிரே இருந்தது. நான் அதைத் தொடவில்லை. வலது கையை அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டு வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன்.  வண்டி இறங்கியது. அடுத்த வளைவு வந்ததும் என் உள்ளங்கைக்குக் கீழே அவர் வயிறு இறுகி நடுங்கியது. வளைவு தாண்டியதும் தளர்ந்தது. அடுத்த வளைவிலும் அதேதான். இப்போதுதான் செத்துப் பிழைத்து வந்திருக்கிறார், நடுங்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். ஆனால் கடைசி வளைவிலும் நிற்கவில்லை.

“இன்னும் பதறுதுங்களா?” என்று காதருகில் கேட்டேன்.

 “இது இன்னிக்கு வந்தது இல்ல. வண்டி வாங்கின நாள்லேர்ந்து இப்பிடித்தான். வளைவுன்னா எனக்கு ஈரக்கொலையே நடுங்கும்” என்றார்.

“அப்புறம் ஏனுங்க சொல்லவே இல்ல?”

“சொன்னா நீ பயந்துருவியேன்னுதான்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டு பயந்தாங்கொள்ளிகள், ஒருவருக்கொருவர் தெரியாமல், இலவம் பஞ்சு மெத்தையில் உட்கார்ந்து மலை ஏறி இறங்கியிருக்கிறோம். எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

போடியில் சேலைக் கடைக்குப் போவதற்கு முன்னால் பட்டறைக்குப் போய் அந்தக் கம்பியைக் கழற்றச் சொன்னார். பட்டறைக்காரர், நல்ல கம்பிதானே, ஏன் என்று கேட்டார். “வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். மெத்தையையும் சாய்மானத்தையும் விட்டு வைத்தோம். சுகத்தோடு எங்களுக்கு ஒன்றும் சண்டை இல்லை.

அந்த ஞாயிறு கோவில் வாசலில் வண்டி போய் நின்றது. என் கை அவர் வயிற்றின் மேலேயே இருந்தது. பூசைக்கு வந்த சனம் பார்த்தது. மாமியார் வேகமாக வந்து வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் என் வீட்டுக்காரர், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

“அம்மா, அவ கைய எடுத்தா எனக்கு வண்டி ஓட்டப் பயமா இருக்கு.”

மாமியார் தன் மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கோவிலுக்குள் போனார். வண்டியை ஸ்டாண்டு போடும்வரை நான் கையை எடுக்கவில்லை.