ஜெலுத்தோங்கில் என் அண்ணனுக்கு வைத்த கல்

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்துத் திடலில் என் அண்ணனுக்கு ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். கறுப்புப் பளிங்கு, தங்க எழுத்து, மேலே அவர் முகம். செதுக்கியவர் மீசை விஷயத்தில் கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொண்டுவிட்டார். என் அண்ணனுக்கு மீசை ஒழுங்காக முளைத்ததே இல்லை. விளக்கெண்ணெய் தடவிப் பார்த்துக் களைத்துப்போனவர். கல்லில் இருக்கிற ஆள் புலியே வந்தாலும் அசையமாட்டார் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் இருந்தவரோ கரப்பான்பூச்சி பறந்தால் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு அண்ணியைக் கூப்பிடுவார்.

ஆனால் கல்லில் எழுதியிருப்பதெல்லாம் உண்மைதான். ராணுவத்தில் இருந்தபோது எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டையில், காலில் குண்டு பட்டுக் கிடந்த கூட்டாளியை முதுகில் சுமந்துகொண்டு வந்து பத்திரமான இடத்தில் சேர்த்தார். பிறகு இன்னொருவரைத் தூக்கி வரத் திரும்பிப் போனார். அப்படிப் போனவர் உயிரோடு வரவில்லை. அதற்காகத்தான் பதக்கம். அண்ணி அதைப் போய் வாங்கிக்கொண்டு வந்து பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவார். தானாக எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை.

எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அண்ணன் விடுமுறைக்கு வருகிறார் என்றால் வீடே தலைகீழாகிவிடும். பட்டர்வொர்த்வரை ரயில், அங்கிருந்து ஃபெர்ரி, படகுத்துறையிலிருந்து பஸ். வருகிற வழியிலேயே மாமாக் என்று நாங்கள் சொல்கிற தமிழ் முஸ்லிம் கடையில் நாசி கண்டார் சோறு ஒரு பிடி பிடித்துவிடுவார். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லி, கணவாயும் வெண்டைக்காயும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல வீட்டுக்கு வந்து அண்ணி சமைத்ததையும் ஒரு கை பார்ப்பார். சட்டையில் மஞ்சள் கறை இருக்கும். அண்ணி அதைக் கண்டுபிடித்துத் திட்டுவார். “பஸ்ல எவனோ கொட்டிட்டான்லா” என்பார். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் எவனோ கொட்டினான்.

பிறகு ஒரு நாள் ராணுவ ஜீப் வந்தது. அப்போதெல்லாம் ஜெலுத்தோங்கில் பலகை வீடுகள். சந்துக்குள் ஜீப் நுழைய முடியாது. பெரிய சாலையில் இறங்கி ஓர் அதிகாரி நடந்து வந்தார். நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம் பார்த்துச் சுட ஆரம்பித்தார்கள் என்று சொன்னபோது, அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணி சட்டென்று நிமிர்ந்தார்.

“சாப்பிட்டாரா?”

எனக்குத் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்றார் அந்த அதிகாரி. அன்றிலிருந்து அண்ணிக்குத் தெரிய வேண்டியது அந்த ஒன்றுதான். எத்தனை பேரைக் காப்பாற்றினார், எந்தப் பதக்கம், யார் கையால் என்பதெல்லாம் ஊருக்கு. வயிற்றில் சோறு இருந்ததா என்பது அண்ணிக்கு. வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டார். கிறுக்கு பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். பேசட்டும். பசி தாங்காத மனிதரோடு குடும்பம் நடத்தியது அவர்களா, அண்ணியா?

வருடா வருடம் அந்த நாளில் எங்கள் வீட்டில் படையல். இங்கே படையல் என்றால் போனவருக்குப் பிடித்ததெல்லாம் வரவேண்டும். இலையில் ஆட்டிறைச்சி, கணவாய், அதே கடை நாசி கண்டார். பக்கத்தில் ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், ஒரு பெட்டி சிகரெட். அவருக்குப் படைத்து, காக்கைக்கு வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். அண்ணி மட்டும் அப்போதும் சாப்பிடமாட்டார். எல்லாரையும் உட்காரவைத்துப் பரிமாறிவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். வற்புறுத்தினால் “பசியில்லம்மா” என்பார். அதற்குமேல் பேச முடியாது.

முன்னாள் ராணுவத்தினர் சங்கம் கல் வைக்க முடிவு செய்தபோது, திறப்பு விழாவை அண்ணன் இறந்த நாளிலேயே வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் படையலையும் அங்கேயே வைத்துவிடலாம் என்று அண்ணி சொல்லிவிட்டார். அரசாங்க விழா வேறு, நம் வீட்டுச் சடங்கு வேறு என்று நான் எடுத்துச் சொன்னேன். “கல்லு யாருக்கு?” என்று கேட்டார். நான் வாழையிலை வாங்கப் போனேன்.

இப்படியாக, கூடாரமும் கொடியும் ஒலிபெருக்கியுமாக இருந்த இடத்தில் நாங்கள் வாழையிலை, வடை, நாசி கண்டார் பொட்டலம், ஸ்டவுட் போத்தல் சகிதம் போய் இறங்கினோம். முன் வரிசையில் சொங்கோக் தொப்பி அணிந்த மலாய்ப் பெரியவர்கள். சங்கச் செயலாளர், அவரும் தமிழர்தான், வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

“அக்கா, போத்தல எடுத்து உள்ள வைங்கலா! டத்தோ வந்துட்டாரு, டத்தோ!”

டத்தோ பட்டம் வாங்கிய முஸ்லிம் பிரமுகர் முன்னால் மது எப்படி? போத்தல் என் கைப்பைக்குள் போனது. விழா முழுவதும் தேசிய கீதத்துக்கும் பேச்சுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்த என் மடியில் அது ஒரு பிள்ளையைப்போலக் கனத்தது. மேடையில் யாரோ என் அண்ணனின் நெஞ்சுரத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் சிரிப்பு. பக்கத்தில் அண்ணன் இருந்திருந்தால் அவருக்கும் அடக்கியிருக்க முடியாது.

எல்லாரும் கறிபாப் பலகாரமும் தேத்தண்ணியும் சாப்பிட்டுக் கலைந்தபிறகு அண்ணி கல்லின் முன்னால் இலையைப் போட்டார். ஒரு பெரியவர் மட்டும் போகவில்லை. வெள்ளைத் தொப்பி, கைத்தடி, ஒரு காலை இழுத்து நடந்தார். அண்ணன் தன் முதுகில் சுமந்து காப்பாற்றிய கூட்டாளி இவர்தான். கெடாவில் ஏதோ கம்பத்துக் கிராமத்தில் இருந்தவரைச் சங்கத்தார் தேடிப்பிடித்து அழைத்து வந்திருந்தார்கள். உங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத்தான் இத்தனை காலம் வரவில்லை என்று அண்ணியிடம் மலாயில் சொன்னார்.

அண்ணி நலம்கூட விசாரிக்கவில்லை. பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே, சந்தையில் கற்ற தன் பசார் மலாயில் கேட்டார்.

“டியா சுடா மாக்கான்?” அவர் சாப்பிட்டாரா?

பெரியவர் என்னைப் பார்த்தார். சாப்பிட்டார் என்று ஒரு பொய்யாவது சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“பெலும், காக்.” இன்னும் இல்லை, அக்கா.

அடுப்பில் சோறு இருந்ததாம். இருவருக்கும் சேர்த்து ஒரே டின்னில் வைத்திருந்தார்களாம். வெந்துவிட்டதா என்று என் அண்ணன் மூடியைத் திறந்தபோதுதான் முதல் குண்டு வந்ததாம். “அந்தச் சோறு அப்படியே கிடந்தது. இந்த நாள் வந்தால் எனக்கும் சோறு இறங்காது. பிள்ளைகளிடம் நோன்பு என்று சொல்லிவிடுவேன்” என்றார்.

அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. காலமெல்லாம் கரப்பான்பூச்சிக்கும் மஞ்சள் கறைக்கும் அண்ணனைத் திட்டிய அதே குரலில் அந்தப் பெரியவரைப் பிடித்துக்கொண்டார். மலாய் கைகொடுக்காமல் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார்.

“அவரு ஒங்கள முதுகுல தூக்கிட்டு வந்தது பட்டினி கெடக்குறதுக்கா? நல்லா கேளும்மா இவர!”

நான் கேட்டேன். அண்ணி சொன்னதை அப்படியே மலாயில் கேட்டேன்.

அண்ணி இலையில் வைக்காத அந்தப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார். “மாமாக் கடைதான், ஹலால். இன்னும் படைக்கல. சாப்பிடுங்க” என்றார். அண்ணனுக்கு முன்னால் இன்னொருவருக்கா என்று நான் வாயைத் திறந்தேன். அண்ணி பார்த்த பார்வையில் தண்ணீர் எடுக்கப் போனேன்.

திடலோரச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பெரியவர் பொட்டலத்தைப் பிரித்தார். பிஸ்மில்லா சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கவளம் இறங்கச் சிரமப்பட்டார். பிறகு மெல்ல மெல்லச் சாப்பிட்டார். அண்ணி எதிரிலேயே நின்று அவர் விரல் வழிக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கைகழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அண்ணி என் பக்கம் திரும்பினார்.

“வாம்மா, எனக்கும் பசிக்குது.”