மணியம்மாள் கன்னத்து வெள்ளை

மணியம்மாளுக்கும் சின்னக்கண்ணுவுக்கும் சிநேகம் உண்டானதே புகையிலையால்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு மில்லில், நூல் சுற்றும் பிரிவில், இருவரும் அடுத்தடுத்த மெஷினில் நின்றார்கள். பஞ்சு பறக்கிற இடத்தில் தீக்குச்சி உரச முடியாது. பீடி பிடிக்கிற ஆண்கள்கூட மில்லுக்குள் புகையிலையைத்தான் அடக்கிக்கொள்வார்கள். புதிதாய்ச் சேர்ந்து, இரைச்சலில் தலைசுற்றி நின்ற மணியம்மாளிடம் ஒரு துணுக்கை நீட்டினாள் சின்னக்கண்ணு.

"இத்த கன்னத்துல அதக்கிக்கடி. எல்லாம் சரியாப் பூடும்."

அன்று மணியம்மாள் வாந்தி எடுத்தாள். அடுத்த வாரம் தானே கையை நீட்டினாள். அதன் பிறகு அவர்களுக்குள் என்னதான் இல்லை! மில் சங்கு ஊதியதும் கைகோத்துக்கொண்டு வெளியே வருவார்கள். மாமியார் சண்டை, பிள்ளைகளின் காய்ச்சல், தீபாவளிச் சேலை எல்லாம் அந்த நடையிலேயே பேசித் தீரும். பின்னாளில் மணியம்மாள் தன் வாழ்க்கையின் நல்ல காலம் என்று சொன்னது அந்த வருஷங்களைத்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவளுக்கு மீன் குழம்பு வாயில் வைக்க முடியாமல் எரிந்தது. வீட்டில் மோர்ச் சோறாகச் சாப்பிட்டுச் சமாளித்தாள். கணவர் இராமதாஸ் கண்டுபிடித்துவிட்டார்.

"வஞ்சிர மீன வேணான்னு சொல்ற ஆளா நீ? வாயத் தொற."

இடது கன்னத்தின் உள்ளே, மாவு அப்பினாற்போல் ஒரு வெள்ளைத் திட்டு. துணியால் துடைத்தும் போகவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பல் டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தார்; விரலால் தடவினார்; கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று அமுக்கினார். எத்தனை வருஷமாகப் போடுகிறாள், எந்தக் கன்னத்தில், தூங்கும்போதும் வாயில் இருக்குமா என்று ஒன்றுவிடாமல் கேட்டார். சதையில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்.

"இது புற்றுநோய் இல்லம்மா. ஆனா விட்டா ஆயிடலாம். புகையிலைய இன்னியோட நிறுத்துங்க. அப்பப்ப வந்து காட்டுங்க."

நிறுத்தினாள். எரிச்சல் வந்தது, பிள்ளைகளை அடித்தாள். அதைவிடக் கொடுமை, சின்னக்கண்ணு நீட்டிய கையைத் தள்ளிவிட்டதுதான்.

"பெரிய டாக்டரு ஊட்டுப் பொண்ணாயிட்டியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் சின்னக்கண்ணு. பல நாள் பேச்சில்லை. மில் வாசலில் தனியாக நடந்து வரும்போது மணியம்மாளுக்கு அழுகை முட்டும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், தண்ணீர்க் குழாயடியில் அவளை மறித்தாள். "ஒரே ஒரு தடவ வாயக் காட்டுடி. அப்புறம் நான் உன்கிட்ட வரல."

வேண்டாவெறுப்பாக வாயைத் திறந்தாள் சின்னக்கண்ணு. வெள்ளை இல்லை. நாக்கின் ஓரத்தில் பட்டுப் போலச் சிவந்த ஒரு திட்டு. வலியே இல்லை என்றாள். மணியம்மாள் கையை விடாமல் அதே டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். வெள்ளையைவிடச் சிவப்பு மோசம் என்பது அங்கேதான் தெரிந்தது. பரிசோதனையில் புற்றுநோய் என்றே வந்தது, ஆனால் ஆரம்பம்தான். நாக்கின் ஓரத்தை வெட்டி எடுத்தார்கள்.

பிழைத்துக்கொண்டாள் சின்னக்கண்ணு. ஆனால் பேச்சு குழறியது. யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயந்து வெளியாட்கள் முன்னால் வாயே திறப்பதில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டல்தான். மணியம்மாள்தான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருக்குமாகப் பேசினாள்.

எண்பதாம் வருஷம் ஒரு கல்யாணத்துக்காக இருவரும் அரியாங்குப்பத்துக்கு பஸ்ஸில் போனார்கள். இறங்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வண்டி பறந்தது. சின்னக்கண்ணு சட்டென்று எழுந்தாள்.

"நிறுத்துய்யா வண்டிய! பொம்பளைங்க எறங்கறது கண்ணு தெரில?"

பாதி எழுத்து உருண்டு நசுங்கித்தான் வந்தது. ஆனால் குரல் பஸ்ஸின் கடைசி சீட்டுவரை போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் பதறி விசில் ஊதினார். இறங்கியும் அவள் விடவில்லை. கல்யாண வீடு வரைக்கும் அந்தக் கண்டக்டரைத் திட்டிக்கொண்டே வந்தாள். மணியம்மாள் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், கேட்டுக்கொண்டே கூட நடந்தாள்.