மணல் கடைசியாக வெயில் பார்த்த நாள்

எங்கள் வயலுக்கும் பண்ணை வயலுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் உண்டு. வயல் நீளத்துக்குப் போகும். அகலம் ரெண்டு சேலை. அப்படி அளந்து சொன்னது என் பெண்டாட்டி. துவைத்த சேலைகளை அந்தப் புல்லில்தான் விரித்துக் காயப்போடுவாள்.

ஊர் பூம்புகாருக்குத் தெற்கே. கடல் சத்தம் கேட்கிற தூரம். ஆற்றுத் தண்ணீர் எல்லாருக்கும் பாய்ந்து, மிஞ்சினால் எங்களுக்கு வரும்.

உச்சவரம்புச் சட்டம் வந்து, பண்ணையின் உபரி நிலத்தைக் கூலிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. கொடி நட்டோம், அடி வாங்கினோம், அப்புறம் கொடுத்தார்கள். எனக்கும் கொஞ்சம் வந்தது. சர்வே கல் எங்கே நிற்க வேண்டும் என்பதில் தகராறு. துண்டு எங்கள் மேய்ச்சல் என்றது பண்ணை. பட்டாவில் இருக்கிறது என்றேன் நான். மாட்டைப் பூட்டி உழுதேன். குறுவை போட்டேன்.

அறுக்கிற அன்றைக்குப் போலீஸ் வந்தது. திருட்டு அறுப்பு என்று கேசு. கட்டோடு நெல்லையும் என்னையும் வண்டியில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷன் வாசலுக்கு என் பெண்டாட்டி வந்தாள். அழவில்லை.

"ஏய்யா, அந்தத் துண்டுல விளைஞ்சது என்ன, ஒரு வாரக் கஞ்சி. உள்ளே உனக்கு மாசக்கணக்கா கஞ்சி ஊத்தப் போறாங்க. லாபந்தான்."

ஏட்டு சிரித்துவிட்டார். நானும்.

"ஆட்டைப் பார்த்துக்க" என்றேன்.

"ஆட்டுக்குத்தான் உனக்கு வாய் வருது" என்றாள்.

அவ்வளவுதான் நாங்கள் பேசினது. அதற்கப்புறம் பேசவில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. நான் ஜெயிலில் இருந்தேன். சுவர் கெட்டி. காற்று ஊளையிட்டது. கடல் ஊருக்குள் வந்தது எங்களுக்குத் தெரியாது. சேதி வந்து, ஜாமீன் கிடைத்து, நான் வந்து சேர்ந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. மகள் சின்னப் பிள்ளை. சீர்காழியில் என் தங்கை வீட்டில் இருந்தாள், பிழைத்தாள். என் பெண்டாட்டி இல்லை. தேடினோம். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

தண்ணீர் கறுப்பாக வந்தது என்றார் ஒருத்தர். நுரையாக வந்தது என்றார் இன்னொருத்தர். ஆட்டை அவிழ்த்துவிடப் போனாள் என்றார்கள். இல்லை, பக்கத்து வீட்டுக் கிழவரைத் தூக்கிவிடப் போனாள் என்றார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஊரில் எல்லாரிடமும் அந்த ராத்திரி இருந்தது. என்னிடம் சுவர்தான் இருந்தது.

துண்டில் ரெண்டு தரப்பும் இறங்கக் கூடாது என்று கோர்ட் தடை போட்டது. வாய்தா மேல் வாய்தா. கோட்டையில் கட்சிகள் மாறி மாறி வந்தன. எங்கள் கேசு நகரவில்லை. துண்டில் கோரை மண்டிவிட்டது. பண்ணைக்காரர் செத்தார், பிள்ளைகள் பட்டணம் போனார்கள். கடைசியில் தீர்ப்பு வந்தது. துண்டு எனக்கு. அப்போது என்னால் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. மகளும் மருமகனும்தான் சாகுபடி.

"தீர்ப்பு வந்த கையோட உழுதுடலாம்ப்பா" என்றாள் மகள்.

அந்தக் கோடையில்தான் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். காலேஜில் மண்ணைப் பற்றிப் படிக்கிறவள். கூட ரெண்டு பையன்கள், வேனில் இரும்புக் குழாய்கள். கடல் முன்பு எப்போதெல்லாம் உள்ளே வந்தது என்று மண்ணைப் பார்த்தால் தெரியுமாம். அது தெரிந்தால் இனிமேல் வருவதையும் கொஞ்சம் கணக்குப் போடலாமாம்.

"கலைக்காத மண் வேணும் ஐயா. சுத்திப் பார்த்துட்டோம். ஒண்ணு உழுதிருக்காங்க, இல்லைன்னா இறால் குட்டை வெட்டியிருக்காங்க. மணல்மேட்டையும் வாரிட்டாங்க."

மகள் துண்டைக் கை காட்டினாள். "அதோ கிடக்குது. எங்கப்பாவும் பண்ணையும் சேர்ந்து உங்களுக்காகப் பத்திரமா வச்சிருந்தாங்க."

"உழவே இல்லையா?"

"ஒரு போகம் உழுதேன்ம்மா. மாட்டுக் கலப்பை" என்றேன்.

"அது மேலாக்கத்தான் கலைச்சிருக்கும். போதும் ஐயா."

குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கினார்கள். முக்காலி நட்டுச் சங்கிலி போட்டு இழுத்தார்கள். குழாயை நீளவாக்கில் பிளந்தார்கள். உள்ளே மண் ஒரு கழி மாதிரி நின்றது. மேலே வேர், பழுப்புக் களி. ஒரு சாண் கீழே ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை மணல், கிளிஞ்சல் பொடியோடு. அதற்குக் கீழே மறுபடி களி, கறுப்பாக.

"இந்த மணல் ஆறு போட்டது இல்லை. கடல் போட்டது. ஒரு புயல்ல வந்திருக்கும்" என்றாள்.

நான் வரப்பில் உட்கார்ந்தேன்.

"எந்தப் புயல்?"

"இப்ப சொல்ல முடியாதுங்கய்யா. லேப்ல பார்க்கணும்."

பக்கத்திலேயே இன்னொரு குழாய் இறக்கினார்கள். அதைப் பிளக்கவில்லை. ரெண்டு முனையையும் அடைத்துக் கறுப்புத் துணியில் சுற்றினார்கள். ஏன் என்று கேட்டேன்.

"வெளிச்சம் படக்கூடாது. இந்த மணல் கடைசியா வெயில் பார்த்து எவ்வளவு காலம் ஆச்சுன்னு கண்டுபிடிக்கலாம். மேல மண் மூடின நாள்லேர்ந்து அது இருட்டுலதானே கிடக்கு. அந்த இருட்டை அளக்கலாம்."

புயலுக்கு முந்தின நாள் கடற்கரையில் வெயில் அடித்திருக்கும். அந்த மணல் அதைப் பார்த்திருக்கும். என் பெண்டாட்டியும் அன்றைக்கு அந்த வெயிலில்தான் நடமாடியிருப்பாள். ரெண்டு பேருக்கும் அதுதான் கடைசி வெயில்.

பிளந்த குழாயைத் தொடலாமா என்று கேட்டேன். ஓரத்தில் தொடச் சொன்னாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்புக் கரிக்கவில்லை. நறநறவென்று இருந்தது.

என் பெண்டாட்டி போன புயலைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். முடிவு வர நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மகளைக் கூப்பிட்டேன். துண்டை இப்போது உழ வேண்டாம் என்றேன்.

"ஏன்?"

"அந்தப் பொண்ணு சொல்லட்டும்."

"கோர்ட்டு வாய்தா முடிஞ்சுதுன்னு பார்த்தா, மணலுக்கு வாய்தாவா?"

அம்மாவைக் கொண்டுபோன தண்ணீர் போட்ட மணலாக இருக்கலாம் என்றேன். அவள் அப்புறம் கேட்கவில்லை. அந்தச் சம்பாவுக்கு வயல் முழுக்கப் பச்சையாக இருந்தது. துண்டு மட்டும் கோரையாகக் கிடந்தது. மருமகன் முகத்தைக் கோணிக்கொண்டே களை பறித்தான். கோரை வயலுக்குள் ஓடுகிறது என்று அவனுக்கு வருத்தம். நியாயம்தான்.

நான் தினமும் அங்கே போனேன். முன்பெல்லாம் அந்தத் துண்டைப் பார்த்தால் வயிறு எரியும். இப்போது மெதுவாக நடந்தேன். ஒரு சாண் கீழே அந்த நாள் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு. செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டுத்தான் இறங்குவேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். இருந்தாலும் கழற்றினேன்.

அறுப்பு முடிந்த பிறகு அந்தப் பெண் வந்தாள். போனிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் வந்தாள். டீ கொடுத்தோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த மணல் ரொம்பப் பழசுங்கய்யா. உங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துப் புயல்."

"சரி."

"நீங்க சொன்ன புயல் அதுல தெரியலை."

"தண்ணி வந்துச்சேம்மா."

"வந்திருக்கு. பொய் இல்லை. தண்ணி வந்தாலும் எல்லா இடத்துலயும் மணல் போடாது. மெலிசாப் போட்டிருந்தா நண்டு வளை தோண்டிக் கலைச்சிருக்கும். வேர் கலைச்சிருக்கும். அந்தச் சுவடு நிக்கலை."

"சரிம்மா" என்றேன்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் போன பிறகு கொஞ்ச நேரம் துண்டில் நின்றேன். அந்த வெள்ளை மணல் வந்த நாளிலும் ஒரு வீட்டில் யாரோ திரும்பாமல் போயிருப்பார்கள். அவர்களையும் யாரோ தேடியிருப்பார்கள். அந்தத் தேடினவர்களும் இல்லை இப்போது. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

"உழுதுடு" என்றேன்.

"இருக்கட்டும்ப்பா. இன்னொரு போகம் கிடக்கட்டும்" என்றாள் மகள்.

"வேண்டாம். உழு."

ஆடியில் டிராக்டர் இறங்கியது. கொக்குகள் பின்னாலேயே நடந்தன. உழவு ஒரு சாண் போகவில்லை. வெள்ளை மணல் மேலே வரவில்லை. அது பாட்டுக்குக் கீழே கிடக்கிறது, இருட்டில்.

நடவு அன்றைக்கு மகள் என்னிடம் வந்தாள். கையில் நாற்று முடி.

"அம்மா கடைசியா என்னப்பா சொல்லுச்சு?"

இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஸ்டேஷன் வாசலில் நடந்ததைச் சொன்னேன். ஒரு வாரக் கஞ்சி, உள்ளே மாசக் கஞ்சி, லாபந்தான். மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அம்மாவும் இப்படித்தான் திரும்புவாள்.

தையில் அறுத்தோம். துண்டு நெல்லைக் களத்தில் தனியாகப் போடச் சொன்னேன். சேர்க்கவில்லை. மற்ற நாளில் எங்கள் வீட்டில் ரேஷன் அரிசிதான். விளைவதை விற்றுவிடுவோம். அந்த நெல்லை மட்டும் அவித்துக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொண்டு வந்தாள் மகள். காலையில் கஞ்சி. எல்லாரும் குடித்தோம்.

ஒரு வாரம் தாண்டிப் போனது. பானையில் இன்னும் அரிசி இருந்தது. ஸ்டேஷன் வாசலில் அவள் சொன்ன கணக்கு தப்பு.

அவளிடம் சொல்ல வேண்டும்.