மச்சானுக்குப் போன பதினாலு கிராம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதுவதைத் தவிர எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஐந்தாவதாக உட்காரக்கூடக் கூச்சப்படுகிறவள். அப்படிப்பட்டவள் கணக்கைப் பற்றி எழுத வருவது அதிகப்படிதான். ஆனாலும் அந்த ஆடிப்பூரத்தை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அண்ணனுக்குச் சின்னதாக ஒரு பால்கோவா கடை. எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், கோனில் நூல் சுற்றும் பகுதியில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வேலை பிடித்திருந்தது, பஞ்சுத் தூசிதான் பிடிக்கவில்லை. ராத்திரியெல்லாம் இருமுவேன். இழுப்பு அதிகமானதும், "ஒடம்பக் கெடுத்து ஒரு சம்பாத்தியம் வேண்டாம், நின்னுரு" என்று அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மில்லின் டெஸ்டிங் லேப்பில் ஓர் இடம் காலியானது. அங்கே இருந்த பெண் கல்யாணமாகிப் போகிறாள். லேப்பில் தூசி கிடையாது, தலைக்கு மேலே விசிறி உண்டு. அது கிடைத்தால் வேலை தங்கும், இல்லாவிட்டால் வீடுதான். உள்ளே இருக்கிறவர்களில் கணக்குத் தெரிந்த ஒருத்தருக்குக் கொடுக்கலாம் என்று லேப் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பேர் கொடுத்தது நான் ஒருத்திதான். எப்படிக் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

லேப் வேலை இதுதான். ஒரே நீளத்துக்கு நூலைக் கண்டு கண்டாகச் சுற்றி ஒவ்வொன்றையும் நிறுக்க வேண்டும். எல்லாம் ஒரே எடையாக இருந்தால் நூல் சீராக இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு சீராக இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, அதன் பெயர் திட்டவிலக்கம். கல்யாணப் பெண் எனக்கு மதிய இடைவேளையில் சொல்லிக் கொடுத்தாள். முதலில் சராசரி எடு. ஒவ்வொரு எடையும் சராசரியிலிருந்து எவ்வளவு கூடுது, எவ்வளவு குறையுது என்று எழுது. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கு, அதாவது அதே எண்ணால் பெருக்கு. கூட்டு. எத்தனை கண்டோ அத்தனையால் வகு. கடைசியில் வர்க்கமூலம் எடு.

எனக்கு அங்கேதான் புத்தி வேலை செய்தது. வர்க்கமாக்கிவிட்டுக் கடைசியில் வர்க்கமூலம் எடுப்பது, மாடிக்கு ஏறிவிட்டு அதே படியில் இறங்குவது மாதிரிதானே? எதற்கு வீண் அலைச்சல்? இரண்டையும் விட்டுவிட்டால் கணக்குச் சுருக்கமாக முடியும் என்று நினைத்தேன்.

பரீட்சை அன்று சூப்பர்வைசர் சில நூல் கண்டுகளின் எடையைத் தாளில் எழுதிக் கொடுத்தார். நான் சராசரி எடுத்தேன், கூடுதல் குறைச்சல் எழுதினேன், கூட்டினேன். பூஜ்ஜியம் வந்தது. மறுபடி கூட்டினேன். மறுபடியும் பூஜ்ஜியம். சரி, நல்ல நூலாகக் கொடுத்திருக்கிறார் போல என்று தாளை நீட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பூஜ்ஜியமா? ஏம்மா, மயிரிழை வித்தியாசம் இல்லாம நம்ம மில்லுல நூல் ஓடுச்சுன்னா, மொதலாளி மெஷினுக்கு மாலை போட்டுப் பூசை பண்ணிருவாரும்மா!"

லேப்பே சிரித்தது. எனக்குத் தரை பிளந்தால் தேவலை போல இருந்தது. அவர் நல்ல மனிதர். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஆடிப்பூரம் முடிஞ்சு வா. வர்க்கம் எதுக்கு எடுக்கோம்னு எனக்குச் சொல்லணும். மனப்பாடம் பண்ணிட்டு வந்தா செல்லாது, பாத்துக்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே யோசனை. எடைகள் கண்ணுக்கு முன்னால் வேறு வேறாக இருக்கின்றன. கூட்டினால் மட்டும் ஏன் ஒன்றுமில்லாமல் போகிறது?

ஆடிப்பூரத் தேர் அன்று எங்கள் கடையில் நிற்க இடமில்லை. சாதாரண நாளில் ஒவ்வொரு பொட்டலத்தையும் தராசில் நிறுத்துத்தான் கொடுப்போம். தேர்க் கூட்டத்தில் அதற்கு நேரம் ஏது? என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, ஒரு கிலோவைத் தராசில் சரியாக நிறுத்து, தட்டில் கொட்டி, கரண்டியால் கண்ணளவில் நாலு பங்காகக் கீறிவிடுவார். நான் பட்டர் பேப்பரில் மடித்துக் கொடுப்பேன். கால் கிலோ பொட்டலம் தயார்.

தளவாய்புரத்திலிருந்து ஒருவர் தன் மச்சானோடு வந்திருந்தார். ஆளுக்கு ஒரு பொட்டலம் வாங்கிப் போனார்கள். செத்த நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். அவர் இரண்டு கையிலும் இரண்டு பொட்டலத்தை ஏந்திக்கொண்டு, தானே தராசு மாதிரி நின்றார்.

"ஏம்மா, இங்க பாரு. மச்சானுக்குன்னா கொழுத்த பொட்டலம், எனக்குன்னா நோஞ்சானா? இவன் என்ன ஒங்களுக்குச் சொந்தமா?"

மதினி சளைக்கிற ஆளில்லை. "ஒரு கிலோவ நிறுத்துத்தான நாலாப் பிரிச்சேன்? ஒங்களுக்குக் கொறஞ்சது அவியளுக்குக் கூடியிருக்கும். மொத்தத்துல கணக்குச் சரியாப் போச்சுல்லா?"

"அது சரி! அப்ப எனக்குக் கொறஞ்சத மச்சான் வாயில இருந்து தோண்டி எடுத்துக்கிடணுமாக்கும்?"

மச்சான் அவசரமாகத் தன் பொட்டலத்தைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணன் ஓடி வந்து ஒரு கரண்டி அள்ளி வைத்து அவரைச் சமாதானப்படுத்தினார்.

நான் பட்டர் பேப்பரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். மொத்தத்தைச் சரியாக நிறுத்துவிட்டுப் பிரித்தால், ஒருத்தருக்குக் கூடியதும் இன்னொருத்தருக்குக் குறைந்ததும் எப்போது கூட்டினாலும் பூஜ்ஜியம்தானே வரும்? சராசரியும் மொத்தத்தைச் சமமாகப் பங்கு போட்டதுதானே? என் பூஜ்ஜியம் நூல் சீரானது என்று சொல்லவில்லை. கூடுதலும் குறைச்சலும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன, அவ்வளவுதான். ஆனால் குறைந்தவர் கடை வாசலில் நிற்கிறாரே, கணக்கில் மட்டும் அவர் எங்கே போனார்?

"ஏட்டி, என்ன பேயறஞ்ச மாதிரி நிக்க? மடி!" என்று மதினி அதட்டினார்.

மறுநாள் விடிந்ததும் மதினியிடம் ஒரு கிலோவை அதே மாதிரிக் கண்ணளவில் பிரித்துத் தரச் சொன்னேன். "என் மானத்த ராஜபாளையம் வரைக்கும் கொண்டுபோய் வாங்கப் போறியாக்கும்" என்று முனகிக்கொண்டே கொடுத்தார்.

லேப்புக்குப் போனதும் நாலு பொட்டலத்தையும் மேசைமேல் வைத்தேன். இருப்பதில் சிறியதாகத் தெரிந்ததைச் சூப்பர்வைசரிடம் நீட்டினேன். மற்ற மூன்றையும் அங்கிருந்தவர்களிடம் கொடுத்தேன். அவர் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர் பொட்டலத்தையும் பார்த்தார். "எனக்கு மட்டும் ஏம்மா கொறையுது?"

"சராசரி சரியா இருக்கு சார்" என்றேன். துணிச்சலில் சொல்லவில்லை, வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

அவர்தான் முதலில் சிரித்தார். நாலையும் லேப் தராசில் நிறுத்தார்கள். 236, 248, 252, 264 கிராம். சராசரி 250. அவருக்குப் பதினாலு குறைவு, அடுத்தவருக்கு இரண்டு குறைவு, இன்னொருவருக்கு இரண்டு கூடுதல், மச்சான் இடத்தில் நின்ற கடைசி ஆளுக்குப் பதினாலு கூடுதல். கூட்டினால் பூஜ்ஜியம். வர்க்கமாக்கினால் குறைச்சலும் கூடுதல் மாதிரியே கணக்கில் நிற்கும், காணாமல் போகாது. 196, 4, 4, 196. மொத்தம் 400. நாலால் வகுத்தால் 100. அதன் வர்க்கமூலம் 10. மதினியின் கை பத்து கிராம் தடுமாறுகிறது என்று எழுதினேன்.

அவர் விடவில்லை. "கழித்தல் குறிய மட்டும் அழிச்சாப் போதாதா? வர்க்கம் எதுக்கு?"

"ரெண்டு கிராம் கொறஞ்சவிய கண்டுக்கிட மாட்டாங்க சார். பதினாலு கொறஞ்சவிய ஊரக் கூட்டிருவாங்க. ரெண்டுக்கு வர்க்கம் நாலுதான், பதினாலுக்கு நூத்துத் தொண்ணூத்தாறு."

"அப்ப நூலுக்கு?"

"மெலிஞ்ச எடத்துல நூல் அறுந்தா, தடிச்ச எடம் வந்து முடிச்சுப் போடாது சார்."

அதுவரை என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை. அவர் பட்டர் பேப்பரைப் பிரித்துத் தன் பால்கோவாவைத் தின்ன ஆரம்பித்தார். பாதி தின்றபின், "நாளைக்கு இங்க வந்துரு" என்றார். (மாதிரிக்குச் சில கண்டுகளை மட்டும் எடுக்கும்போது எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். முதல் நாளே எல்லாம் தெரிய வேண்டுமா என்ன?)

பல வருடம் அந்த லேப்பில் எத்தனையோ கணக்குப் போட்டேன். யாராவது "மொத்தத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று சொன்னால், இன்றும் என் கண் அந்தத் தளவாய்புரத்துக்காரரைத் தேடும். குறைந்த பொட்டலம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்காத கணக்கு எனக்குக் கணக்காகவே படுவதில்லை.

சூப்பர்வைசர் சொன்னபடி மறுநாள் நான் லேப்பில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன், இருமல் வரவில்லை. தன் கையின் பத்து கிராம் கணக்கைக் கேட்ட மதினி, கடையில் கூட்டமே இல்லாத நேரத்திலும் ஒவ்வொரு பொட்டலத்தையும் இரண்டு தடவை நிறுத்தார்.