அடுத்த நிறுத்தம் நான்கு மொழிகளில்

அந்த நகரத்தில் பேருந்தில் போகிற எல்லோருக்கும் அவள் குரல் தெரியும். முகம்தான் யாருக்கும் தெரியாது. ஒருநாள் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு படியில் ஒண்டிக்கொண்டு நின்றாள். மேலே ஒலிபெருக்கியில் அவளே, "படியில் நிற்காதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடத்துநர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, அந்தம்மா கரடியா கத்துதே, காதுல விழலியா?" என்றார்.

"விழுது, விழுது. அவ சொல்றத அவ வீட்டுலயே யாரும் கேக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே நகர்ந்தாள்.

பணிமனையில் அவளுக்கு 'அடுத்தநிறுத்தம்' என்று பெயர். அம்மா மேட்டுத்தெருக்காரி, அப்பா ஆற்றங்கரைக்காரர். இரண்டு பக்கத்துக்கும் பேச்சு வேறு. அம்மாவிடம் ஒரு மொழியில் அடி வாங்கி, அப்பாவிடம் இன்னொரு மொழியில் முறையிட்டு வளர்ந்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் மூன்றாவதாக ஆபீஸ் மொழி வந்து சேர்ந்தது. அது யாருக்கும் தாய்மொழி இல்லை. மனு எழுதவும் அபராதம் கட்டவும் மட்டும் எல்லோருக்கும் தேவைப்பட்டது. பேருந்துகளில் ஒலிபெருக்கி வைத்தபோது, மூன்றையும் நாக்கு தடுமாறாமல் பேச அந்தப் பணிமனையில் ஆள் தேடினார்கள். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து மூன்று மொழியிலும் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இவளைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மகன் துறைமுகப் பக்கத்துப் பெண்ணை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டான். மருமகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்துச் சொல்கிற வேலை. துறைமுகத்து மொழியோ தனி. மாமியாருக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. மருமகளுக்கு மேட்டு மொழியும் தெரியாது, ஆற்று மொழியும் தெரியாது. மகனுக்கு நான்குமே தெரியும். ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கச் சொன்னால் மட்டும் எல்லாம் மறந்துவிடும். மிச்சம் இருந்தது ஆபீஸ் மொழி ஒன்றுதான்.

"உணவு தயாராக உள்ளது" என்பாள் மாமியார்.

"மிக்க நன்றி. தாங்கள் உண்டீர்களா?" என்பாள் மருமகள்.

"வீட்டுக்குள்ள வந்தா மனு குடுக்க வந்த மாதிரியே இருக்கு" என்று மகன் தலையில் அடித்துக்கொள்வான். அந்தப் பேச்சில் சண்டை வராது. சிரிப்பும் வராது.

இப்படி இருக்கையில்தான் நகரசபை, பேருந்து அறிவிப்பில் துறைமுகத்து மொழியையும் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்தது. துறைமுகத்துக்காரர்கள் வெகுகாலமாகக் கேட்டுவந்த விஷயம். இதற்கென்று ஒரு மொழிக்குழு அமைத்தார்கள். ஓய்வுபெற்ற இலக்கண ஆசிரியர் ஒருவர் தலைவர். துறைமுகத்தின் சார்பில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் உறுப்பினர். எந்த மொழி முதலில், எந்த மொழி கடைசியில் என்று மழைக்காலம் முழுக்கப் பேசினார்கள். கடைசியில், பேருந்து எந்தப் பகுதியிலிருந்து கிளம்புகிறதோ அந்தப் பகுதியின் மொழி முதலில் என்று ஒருவழியாக முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கும்போதுதான் ஓட்டுநர் ஒருவர் வந்து தலையைச் சொறிந்தார்.

"ஐயா, கடைத்தெருவுல ஸ்டாப்பெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு. மூணு மொழி சொல்றதுக்குள்ளயே மூச்சு முட்டுது. நாலாவது எங்க போய்ச் சொல்றது?"

தலைவர் நம்பவில்லை. தானே பேருந்தில் ஏறி உட்கார்ந்து, மூன்று மொழியும் ஒலித்து முடிந்தபின் நான்காவதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். 'அடுத்த நிறுத்தம் மணிக்கூண்டு' என்று அவர் முடித்தபோது மணிக்கூண்டு பின்கண்ணாடியில் தெரிந்தது. அறிவிப்பின் தொடக்கத்தில் 'பேரன்புக்குரிய பயணப் பெருமக்களே' என்று நீளமாக ஒரு வரி இருந்தது. எழுதியவர் அவர்தான். குழு அவரையே பார்த்தது.

"சரி, எடுத்துடுங்க" என்றார் பெருமூச்சோடு. "அன்பை நாம மனசுல வச்சுக்கலாம்."

அடுத்த கேள்வி, யார் பேசுவது? பணிமனை மேலாளருக்கு அது கேள்வியாகவே படவில்லை. அடுத்தநிறுத்தத்தைக் கூப்பிட்டு, "நீயே நாலாவதையும் பேசிடும்மா. ஊருக்கு ஒரே குரலா இருக்கட்டும்" என்றார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மாலையே கற்றுக்கொள்ள மருமகள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

மொழி சுலபமாக மசியவில்லை. துறைமுகத்துக்காரர்கள் அடித்தொண்டையிலிருந்து ஓர் ஒலியை எடுக்கிறார்கள். இவளுக்கு அது வாய் கொப்பளிக்கிற சத்தமாக வந்தது. 'ஆஸ்பத்திரி' என்று இவள் சொன்னதும் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் வெடித்துச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இவள் சொன்ன விதத்தில் அந்த வார்த்தைக்கு 'ஆட்டுக் கொட்டகை' என்று அர்த்தமாம்.

மாமியாரும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மருமகள் ஆபீஸ் மொழியில் மெதுவாகக் கேட்டாள்: "தங்களிடம் ஒன்று கேட்கலாமா? எங்கள் மொழியைப் பேச எங்களில் ஒருவர்கூடவா கிடைக்கவில்லை?"

மாமியாருக்குச் சுருக்கென்றது. எழுந்து போய் அடுப்படியில் பாத்திரங்களை உருட்டினாள். மறுநாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் எத்தனை வாய், என்ன தேவையில்லாத கேள்வி என்று மகனிடம் மேட்டு மொழியில் பொருமினாள். மகன் வழக்கம்போல் எல்லா மொழியையும் மறந்துவிட்டான்.

பிறகு ஏனோ அப்பா நினைவுக்கு வந்தார். இவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது பேருந்து நிலையத்தில் மைக் பிடித்துப் பேசியவர் மேட்டுத்தெருக்காரர். ஆற்று மொழியை மென்று துப்புவார். ஊரே சிரிக்கும். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். "நம்ம பேச்சை இரவல் சட்டை மாதிரி மாட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு" என்று முகம் சுருங்கிப்போவார். அந்த முகத்தை நினைத்ததும் இவளுக்கு மருமகள் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

மேலாளரிடம் போய், "என்னால ஆகாது. அவங்க ஆளையே கூப்பிடுங்க" என்றாள்.

"ஒரே குரல்னு குழுவே ஒத்துக்கிடுச்சேம்மா. மாத்த முடியாது."

"அப்ப குழுவுக்கிட்டயே பேசறேன்."

குழுவின் முன்னால் நின்றவள் வேறு வாதம் எதுவும் வைக்கவில்லை. துறைமுகத்து மொழியில் 'அடுத்த நிறுத்தம் ஆஸ்பத்திரி' என்று தனக்குத் தெரிந்த அழகில் சொல்லிக் காட்டினாள். கிரேன்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அம்மா, எங்காளுங்க அங்க வைத்தியத்துக்கு எறங்க மாட்டாங்க. பால் கறக்கத்தான் எறங்குவாங்க!"

தலைவருக்கு விஷயம் விளங்கியதும் அவரும் சிரித்துவிட்டார். ஒரே குரல் என்ற முடிவு அன்றோடு கைவிடப்பட்டது.

துறைமுகத்திலிருந்து பலர் பேசிக் காட்ட வந்தார்கள். மருமகளுக்கு அதில் ஆசை இல்லை. "கடையில எழுத்தை அடுத்தவங்கள வாசிக்கச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்" என்று நழுவப் பார்த்தாள். கணவன்தான் பிடித்துத் தள்ளிவிட்டான். சிபாரிசு என்று யாரும் வாய் திறக்கக் கூடாதே என்று மாமியார் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. பேசியது யாரென்று தெரியாமலே கேட்டுத் தேர்ந்தெடுத்த கிரேன்காரர், ஒரு குரலைக் கேட்டதும், "இது எங்க தெருமுனையில யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு, இதையே வைங்க" என்றார். அது மருமகளின் குரல்.

ஒலிப்பதிவு அறையில் மருமகள் மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமியார் நின்றுகொண்டு, மூச்சு எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று சைகை காட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆஸ்பத்திரி வந்தபோது மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து 'ஆட்டுக் கொட்டகை' என்றாள். மருமகள் சொன்ன வார்த்தையின் வாலில் ஒரு சின்னச் சிரிப்பு ஒட்டிக்கொண்டது. பதிவு செய்தவருக்கு அந்த மொழி தெரியாது. அதுவும் உச்சரிப்பு போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

ஊர் முழுக்க அது ஒலித்தது. ஆஸ்பத்திரிக்கு முன்னால் சிரிப்பதா என்று இரண்டொருவர் புகார் சொல்ல, தலைவர் மாற்றிப் பதியச் சொன்னார். அதற்குள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி பணிமனைக்கே வந்துவிட்டாள். "எடுக்காதீங்க சார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு வர்றவங்க, அந்த ஸ்டாப்புல எறங்கறப்ப கொஞ்சம் லேசா எறங்கறாங்க. என்ன மொழியா இருந்தா என்ன?" என்றாள். சிரிப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள்.

வீட்டில் மாமியார் இப்போது மேட்டு மொழியில் திட்டுகிறாள். மருமகள் துறைமுகத்து மொழியில் பதிலுக்குப் பதில் கொடுக்கிறாள். இருவருக்கும் பாதிக்குமேல் புரிகிறது. மீதியைக் குரலிலிருந்தே பிடித்துக்கொள்கிறார்கள். ஆபீஸ் மொழி, கோபம் தலைக்கேறும்போது மட்டும் வரும். அது வந்தால் மகன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

புதிய மேம்பாலம் கட்ட வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தபோது, அவர்கள் மொழியையும் சேர்க்கலாமா என்று பேச்சு எழுந்தது. மேலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அடுத்தநிறுத்தம் தானே கிளம்பிக் கட்டுமான இடத்துக்குப் போனாள். மதிய ஓய்வில், தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்ட கம்பி கட்டும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமான ஆபீஸ் மொழியில், உங்கள் பேச்சில் அடுத்த நிறுத்தம் என்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டாள்.

அந்தப் பெண் மென்றுகொண்டே யோசித்தாள். "முதல்ல பஸ்ஸ இங்க நிக்கச் சொல்லுங்க. அப்புறம் பேசச் சொல்லலாம். நாங்க தினமும் ஆத்துப்பாலத்துலேர்ந்து நடந்து வர்றோம்."

அடுத்தநிறுத்தம் உடனே எழுந்தாள். நேராகப் பணிமனைக்குத் திரும்பி மேலாளரின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நாளிலேயே மேம்பாலத்தடியில் நிறுத்தம் வந்துவிட்டது. அதை எந்தெந்த மொழியில் சொல்வது என்று குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.