உச்சியில் தட்டிய கை

பிள்ளைக்குப் புரை ஏறினால் உச்சியில் தட்டுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. நானும் அப்படித் தட்டியவன்தான்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் எட்டு மாத மகளை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் அக்கா நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாள். அவள் தட்டிலிருந்து ஒரு பருப்பைப் பிள்ளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. உடனே கண் பிதுங்கியது.

“உச்சியில தட்டுலே. துபாயில இருந்து மாமன் நினைக்கான்” என்று அக்கா சிரித்தாள். தட்டினேன். பிள்ளை இருமவில்லை, அழவும் இல்லை. உதடு நீலமானது.

அடுப்படியிலிருந்து ஓடிவந்த என் மனைவி பிள்ளையைப் பிடுங்கி, முன்கையில் குப்புறப் போட்டுத் தலையைத் தாழ்த்தினாள். தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கித் தட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

“ஏட்டி, பிள்ளைய கொல்லுதியா?”

“மூச்சு வரலங்க. கைய விடுங்க.”

விட்டேன். ஐந்து முறை தட்டியும் ஒன்றும் வரவில்லை. மல்லாத்தி, நெஞ்செலும்பில் இரண்டு விரலால் ஐந்து முறை அமுக்கினாள். திரும்பக் குப்புறப் போட்டுத் தட்டியதும் பருப்பு தெறித்து விழுந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது.

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரும்போது கேட்டேன்: “இத எங்கட்டி படிச்ச?”

“தடுப்பூசி போடப் போனப்ப நர்ஸம்மா பொம்மைய வச்சு எல்லாருக்கும் சொல்லித்தந்தாவ. நீங்க வெளிய வண்டியிலயே இருந்தீய.”

ஊசி போட்ட அன்று வெளியே என்னைப் போல நிறைய அப்பன்மார் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன். நான் மனைவியின் கையை விடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் மட்டும் இன்னும் போகவில்லை.