சலவைக்கூடத்து மூக்கு

உலர்ந்து வந்த துண்டை அக்கா அப்படியே மடிக்க விடமாட்டாள். முகத்தருகே தூக்கிக் கண்ணை மூடி ஒரு மோப்பம் பிடிப்பாள். "ம்" என்றால் துண்டு மடிப்பு மேசைக்குப் போகும். "ம்ஹும்" என்றால் வந்த வழியே மெஷினுக்குத் திரும்பும். இதற்கு மேல் விளக்கம் கிடையாது. வாதாடிப் பார்த்தவர்கள் உண்டு, ஜெயித்தவர்கள் இல்லை.

நாலைந்து விடுதிகளுக்கும் ஒரு நர்சிங் ஹோமுக்கும் துணி வெளுக்கிற கூடம் அது. அவள் அங்கே மேற்பார்வை. முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அக்கா. முதுகுக்குப் பின்னால் மூக்கக்கா. அது அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. "பல்லக்கான்னு வைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் புண்ணியம்" என்பாள். முன்பல் இரண்டும் கொஞ்சம் எடுப்பு.

மூக்கு அப்பா வழிச் சொத்து. அப்பாவுடன் பிறந்த அத்தை ஒருத்தி, பக்கத்து வீட்டுப் பால் அடிப்பிடிக்கும் முன்பே "அடுப்பப் பாருங்கடி" என்று சுவர் தாண்டிக் குரல் கொடுப்பாளாம். அந்த மூக்கு அப்படியே இவளுக்கு இறங்கிவிட்டது. தம்பிக்கு அது வரவில்லை. அவனுக்கு வந்தது அம்மா வழிச் சிறுநீரகம். தாய்மாமனைக் கொண்டுபோன அதே கோளாறு. மாற்றுச் சிறுநீரகம் வைத்துப் பிழைத்துக் கிடக்கிறான். மற்றவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு மறந்துபோகிற சளி, அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திவிடும்.

அந்தத் தம்பியின் மனைவிதான் கூடத்தில் அக்காவுக்கு ஜோடி. பெரிய விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து, கையோடு கை சேர்த்து முனைகளை ஒப்படைத்து, மறுபடி விலக வேண்டும். இருவரின் சண்டையும் அதே தாளத்தில் தவணை முறையில் நடக்கும். கை சேரும்போது ஒரு வாக்கியம். விலகும்போது முறைப்பு. அடுத்த மடிப்பில் பதில்.

"தம்பிக்கு மாத்திர குடுத்தியா?"

"உங்க தம்பி என்ன பச்சக் குழந்தையா, அண்ணி?"

"எனக்குப் பச்சக் குழந்ததான்."

"அப்ப இடுப்புல தூக்கி வச்சுக்குங்க, நான் கொஞ்சம் தூங்குறேன்."

கை சேர்கிற அந்தக் கணத்தில்தான் அக்கா விரிப்பின் ஓரத்தை மூக்கருகே கொண்டுபோவாள். இவள் முகத்துக்கும் தம்பி மனைவி முகத்துக்கும் நடுவே அப்போது ஒரு சாண் இருக்கும், அவ்வளவுதான்.

கொரோனா வந்தது. நோய் அறிகுறி உள்ளவர் வேலைக்கு வரக்கூடாது, தெரிந்தும் ஒருவரை வேலையில் வைத்தால் முதலாளி பொறுப்பு என்று அச்சடித்த தாளை முதலாளி வாசற்கதவில் ஒட்டினார். ஒட்டியதோடு அவர் வேலை முடிந்தது. அமல் நடத்தியது அக்கா. இஸ்திரிக்காரர் ஒருநாள் இரண்டு முறை இருமினார்.

"ஆவி தொண்டையில அடிச்சிருச்சு அக்கா. வேற ஒண்ணுமில்ல."

"ஆவியா கிருமியான்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ரெண்டையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

அவருக்கு வந்தது ஆவிதான் என்று சோதனை சொன்னது. திரும்பி வந்த பிறகும் நெடுநாள் அவளைப் பார்த்தால் தொண்டையைச் செருமிக் காட்டுவார்.

ஆனால் ஊருக்கெல்லாம் சட்டம் பேசியவளின் முகக்கவசம் மூக்குக்குக் கீழேதான் தொங்கியது. கூடத்தில் வேறு யார் மூக்கும் வெளிச்சம் பார்க்கவில்லை. "அக்கா, உங்க மூக்கு வெளிய இருக்கு" என்று முதலாளியே சொல்லிப் பார்த்தார். "அது வேலை செய்யுது, தொந்தரவு பண்ணாதீங்க" என்று அனுப்பிவிட்டாள்.

ஒரு நாள் காலை, முதல் துண்டுக்கே "ம்ஹும்." அடுத்ததற்கும் "ம்ஹும்." மெஷின்காரரைக் கூப்பிட்டாள்.

"சோப்பு போட்டியா, இல்ல தண்ணியில முக்கி எடுத்துட்டியா?"

"என் கையால ஊத்துனேன் அக்கா. வாசனைத் தண்ணியும் சேத்துத்தான் ஊத்துனேன்."

மொத்தத்தையும் மறுபடி துவைக்கச் சொன்னாள். வெளியே வந்தது. "ம்ஹும்." மூன்றாம் முறையும் அதே கதை. மெஷின்காரர் அழாத குறை. சோப்பு விற்றவன்தான் தண்ணீர் கலந்து ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டி அவனை வாய் ஓயும்வரை திட்டினாள். வெளுப்பு மருந்திலும் கலந்திருப்பானோ என்று புது கேன் ஒன்றின் மூடியைத் திறந்து குனிந்தாள். ஒன்றுமில்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"பாத்தியா, இதுலயும் வாசனையே இல்ல!"

விரிப்பும் கையுமாகத் தள்ளி நின்ற தம்பி மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "என்ன அண்ணி சொல்றீங்க? இங்க வரைக்கும் கண்ணு எரியுது. மொதல்ல மூடுங்க."

அக்கா மூடினாள். மெதுவாக, மரை சரியாக உட்காருகிறதா என்று பார்த்து மூடினாள். பிறகு முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றினாள். அந்த மூக்கு மறைந்து கூடம் பார்த்தது அன்றுதான்.

"எட்டிப் போடி."

"நான் என்ன பண்ணுனேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. எட்டிப் போ. இன்னும் தள்ளி." தானும் வாசல் பக்கம் பின்வாங்கினாள். "முந்தாநாளே தலை பாரமாத்தான் இருந்துச்சு. ஆவின்னு நெனச்சேன்டி. ஒன் மூஞ்சிக்கு நேரா நின்னு மடிச்சிருக்கேனே. நீ ராத்திரி அவன்கிட்டதானே போயிருக்க!"

தம்பி மனைவி கையிலிருந்த விரிப்பு தரையில் சரிந்தது. யாரும் எடுக்கவில்லை. கூடத்தில் விரிப்பு தரையில் கிடந்து யாரும் ஓடி வராததும் அன்றுதான்.

இஸ்திரிக்காரர் மட்டும் தன் மேசையிலிருந்து கூப்பிட்டார். "ஆவியா இருக்கும் அக்கா!" சொல்லிவிட்டு, சொன்னது சரியில்லை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். பெட்டியை அணைத்துவிட்டு ஓடிப்போய் வாசற்கதவை முழங்கையால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டார்.

முதலாளி கெட்டவர் அல்ல, பயந்தவர். சாயங்காலத்துக்குள் நர்சிங் ஹோம் துணி போயாக வேண்டும். "அக்கா, சோதனை முடிவு வரட்டுமே. ஓரமா நாற்காலி போட்டுத் தர்றேன், உக்காந்த இடத்துலருந்து சொன்னாப் போதும். மத்தவங்களுக்கு ஏன் தெரியணும்?"

வாசலுக்கு வெளியே நின்றபடியே அக்கா பதில் சொன்னாள். "கதவுல ஒட்டுனீங்களே, அத ஒரு தடவ படிச்சுப் பாருங்க. நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்ப எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இனி இங்க ஒருத்தருக்கு வந்தா அது கிருமி குடுத்ததில்ல, நாம குடுத்தது."

முதலாளி கதவிலிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொண்ணு. இவ வீட்டுக்குப் போகக்கூடாது. அங்க என் தம்பி இருக்கான். வேலை பாத்த எடத்துல ஒட்டுனது, வேலை பாத்த எடந்தான் தங்க எடம் குடுக்கணும். மாடி ரூம ஒழிச்சுக் குடுங்க."

"அங்க சாமானா கெடக்குதே அக்கா."

"சாமானுக்குச் சளி பிடிக்காது. வெளிய வைங்க."

நர்சிங் ஹோமுக்குப் போன் செய்து, துணி தாமதமாகும், காரணம் இது என்று ஒளிக்காமல் சொன்னார் முதலாளி. அவரே கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து மாடிக்கு ஏற்றினார். எல்லோரையும் சோதனைக்கு அனுப்பினார். அக்காவுக்கு இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை. தம்பி மனைவிக்கும் இல்லை. ஆனாலும் நாள் கழிந்து மறுசோதனை முடியும்வரை அவள் மாடியை விட்டு இறங்கக்கூடாது என்று அக்கா போனிலேயே உத்தரவு போட்டாள்.

மகன் வெளியூரில் இருக்கிறான், அக்கா வீட்டில் அவள் ஒருத்திதான். காய்ச்சலில் படுத்துக்கொண்டே தம்பியைப் போனில் ஆட்டி வைத்தாள். "மாத்திர போட்டியா? இருமுனியா? இப்ப இருமுனியே!" "அக்கா, அது நாற்காலிய நகத்துன சத்தம்." அவன் சாயங்காலங்களில் தெருவில் நின்று மாடி ஜன்னலைப் பார்ப்பான். மனைவி மேலேயிருந்து திட்டுவாள். அவன் சிரிப்பான். அவனுக்கு எதுவும் வரவில்லை. அந்தச் செய்தி உறுதியான அன்று அக்கா போனை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அவள் இல்லாத நாட்களில் துணிகளை யாரும் மோந்து பார்க்கவில்லை. அப்படியே மடித்து அனுப்பினார்கள். ஒரு விடுதியும் குறை சொல்லவில்லை. காய்ச்சலைவிட அதுதான் அக்காவை வாட்டியது. "சொல்லத் தெரியாதவங்க, பாவம்" என்று வாடிக்கையாளர்களை மன்னித்துவிட்டாள்.

இன்று கூடத்தில் எவர் முகத்திலும் கவசம் இல்லை. கதவில் ஒட்டிய தாள் வெளுத்து, ஓரம் சுருண்டு, இன்னும் இருக்கிறது. கிழிக்கப் போனவரை அக்கா விடவில்லை. இப்போதும் யாராவது தும்மினால் கூடமே அவளைத் திரும்பிப் பார்க்கும். தும்மியவர் அவள் சொல்வதற்கு முன்பே பையை எடுத்துக்கொள்வார்.

மூக்கு முழுதாகத் திரும்பவில்லை. சில நாள் எல்லாமே கருகிய வாடை. சில நாள் வெறுமை. முதலாளிக்கு இது தெரியாது. இஸ்திரிக்காரருக்குத் தெரிந்தால் கூடம் தாங்காது. துண்டுகளை மோந்து பார்க்கிற வேலையை, "பழகிக்கோ, நான் எத்தன நாளைக்கு" என்று சொல்லித் தம்பி மனைவி பக்கம் தள்ளிவிட்டாள். விரிப்புகளை மட்டும் விடவில்லை.

இருவரும் உதறுகிறார்கள். எதிரெதிரே நடந்து வருகிறார்கள். கை சேர்கிறது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, விரிப்பின் ஓரத்தைத் தன் முகத்தைத் தாண்டித் தம்பி மனைவியின் மூக்கருகே உயர்த்துகிறாள். அவள் மூச்சை இழுத்து, அண்ணியின் விரலை லேசாக ஒரு முறை அழுத்துகிறாள்.

"ம்" என்கிறாள் அக்கா, கூடம் முழுக்கக் கேட்கும்படி.